ஓட்டக் கட்டுப்பாடும் நெரிசல் கட்டுப்பாடும்: வலையமைப்புகளில் தரவு ஓட்ட மேலாண்மை

ஆய்வுச்சுருக்கம்

கணினி வலையமைப்பில் ஒரு கருவி மற்றொரு கருவிக்குத் தரவை எவ்வளவு விரைவாக அனுப்பலாம் என்பதை இரண்டு எல்லைகள் வரையறுக்கின்றன. ஒன்று, பெறும் கருவியின் கொள்ளளவு. மற்றொன்று, இடைப்பட்ட வழியின் கொள்ளளவு. முன்னதைப் பேணுவது ஓட்டக் கட்டுப்பாடு எனவும் பின்னதைப் பேணுவது நெரிசல் கட்டுப்பாடு எனவும் வழங்கப்படும். பெறுநரின் எல்லை எண்ணாக அறிவிக்கப்படுகிறது. வழியின் எல்லையையோ அனுப்புநரே ஊகித்தறிய வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டை 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் நேர்ந்த நெரிசல் வீழ்ச்சியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வேறுபாடு இன்றைய வலையமைப்புகளிலும் சிக்கல்களைத் தோற்றுவித்து வருவதையும், அதற்குரிய தமிழ்க் கலைச்சொற்களைத் தெளிவாகப் பிரித்து ஆளவேண்டிய தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஓட்டக் கட்டுப்பாடு, நெரிசல் கட்டுப்பாடு, சாளரம், ஒப்புகை, இடைநினைவகம், டிசிபி நெறிமுறை.

முன்னுரை

இணைய இணைப்பின் தரம் பெரும்பாலும் வேகத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதே பயனர் கேட்கும் முதல் வினா. ஆயினும் வலையமைப்புப் பொறியியலின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, அத்துறையைப் பெரிதும் அலைக்கழித்தது வேகங்களுக்கு இடையிலான பொருந்தாமையே என்பது புலப்படும். விரைந்து அனுப்பும் கருவி ஒருபுறம். மெதுவாகப் பெறும் கருவி மறுபுறம். இரண்டிற்கும் நடுவே பலரும் பகிர்ந்துகொள்ளும் குறுகிய வழி. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்து செல்லாதபோது தரவு இழப்பும் காலத்தாழ்வும் நேர்கின்றன.

இவ்விசைவை உண்டாக்கும் முறைகள் அனைத்தையும் 'போக்குவரத்துக் கட்டுப்பாடு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. அவ்வாறு அடக்கினால் இரண்டு வேறுபட்ட வினாக்கள் ஒன்றாகத் தோன்றிவிடும். 'எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு ஏற்பார்?' என்பது ஒரு வினா. 'இடையில் உள்ள வழி எவ்வளவு தாங்கும்?' என்பது வேறொரு வினா. முதல் வினாவிற்கு விடை சொல்ல ஒருவர் இருக்கிறார். இரண்டாம் வினாவிற்கு விடை சொல்வார் எவருமிலர்.

பெறுநர் சொல்லும் எல்லை

ஓட்டக் கட்டுப்பாட்டின் தொடக்க வடிவத்தைத் தொலைத்தட்டச்சுக் கருவிகளில் காணலாம். ஆஸ்கி குறியீட்டுத் தொகுதியில் 17, 19 ஆகிய எண்களுக்குரிய குறியீடுகள் கருவியை இயக்கவும் நிறுத்தவும் ஒதுக்கப்பட்டவை. பின்னாளில் முதலாவது 'எக்ஸ்ஆன்' எனவும் இரண்டாவது 'எக்ஸ்ஆஃப்' எனவும் பெயர் பெற்றன. அச்சிடும் கருவியால் ஈடுகொடுக்க இயலாதபோது 'எக்ஸ்ஆஃப்' அனுப்பும். மீண்டும் ஆயத்தமானதும் 'எக்ஸ்ஆன்' அனுப்பும். இன்றும் லினக்ஸ் முனையத்தில் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை உறைந்து நிற்பதும், கன்ட்ரோல், கியூ அழுத்தினால் மீள்வதும் இம்மரபின் எச்சமே. காரணம் அறியாமல் கணினி பழுதாகிவிட்டதென்று கருதிய மாணவர் பலர் இருப்பர்.

இவ்வெளிய முறையிலேயே பின்வந்த சிக்கல்கள் அனைத்தின் வித்தும் அடங்கியுள்ளது. 'நிறுத்து' என்னும் குறிப்பு அனுப்புநரைச் சென்றடையக் காலம் பிடிக்கும். நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள தொடர் இணைப்பில், ஓர் எழுத்திற்குத் தொடக்க, நிறைவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் எனக் கொண்டால், நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். குறிப்பு சென்று சேர்ந்து செயற்பட 50 மில்லி நொடி ஆகுமாயின், அதற்குள் 48 எழுத்துகள் வந்துவிடும். ஆகவே இடைநினைவகம் நிரம்பிய பிறகு நிறுத்தச் சொல்வதால் பயனில்லை. நிரம்புவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். எவ்வளவு முன்பாக என்பது வேகத்தையும் தொலைவையும் பொறுத்தது. வேகமும் தொலைவும் பெருகப் பெருக, 'நிறுத்து, தொடங்கு' என்னும் ஆணைகளால் ஓட்டத்தை ஆள்வது இயலாததாகிறது. அனுப்பப்படும் தரவிலேயே 17, 19 என்னும் மதிப்புகள் இயல்பாக இடம்பெற்றால் அவை ஆணைகளாகப் பொருள்கொள்ளப்படும் இடரும் உண்டு.

மாற்று வழி, ஆணைக்குப் பதிலாக இசைவை வழங்குவது. 'நிறுத்தச் சொல்லும் வரை அனுப்பு' என்பதற்கு மாறாக, 'சொன்ன அளவுக்கு மட்டும் அனுப்பு' என்பது இதன் நெறி. இதன் மிக எளிய வடிவம் ஒரு பொதியை அனுப்பிவிட்டு அதற்குரிய ஒப்புகை வரும்வரை காத்திருத்தல். பிழையற்ற முறைதான், ஆனால் தொலைவு மிகுந்தால் பெரும்பகுதி நேரம் காத்திருப்பிலேயே கழியும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோள் வழியாகத் தரவு சென்று ஒப்புகை திரும்ப ஏறக்குறைய அரை நொடி ஆகும். 1,500 பைட் கொண்ட பொதிகளை ஒவ்வொன்றாக அனுப்பிக் காத்திருந்தால் நொடிக்கு 3,000 பைட், அதாவது 24 கிலோபிட் மட்டுமே செல்லும். இணைப்பின் அகலம் நூறு மெகாபிட்டாக இருப்பினும் நிலை இதுவே.

எனவே ஒப்புகை வருமுன் பல பொதிகளை அடுத்தடுத்து அனுப்பும் 'நகரும் சாளரம்' என்னும் முறை வகுக்கப்பட்டது. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட, பல்வேறு வலையமைப்புகளை இணைப்பது பற்றிய ஆய்வுரையிலேயே இக்கருத்து இடம்பெற்றுள்ளது. 1981இல் டிசிபி நெறிமுறையின் வரையறை வெளியானபோது, ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் 16 பிட் கொண்ட ஒரு புலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. பெறும் கருவி ஒவ்வொரு ஒப்புகையோடும், 'இன்னும் இத்தனை பைட் ஏற்பேன்' என்று அப்புலத்தில் எழுதியனுப்புகிறது. அந்த எண் 0 ஆனால் அனுப்புநர் நின்றுவிட வேண்டும். மீண்டும் இடம் உண்டாகிப் பெறுநர் தெரிவிக்கும் செய்தி வழியில் தொலைந்துபோனால், இருவரும் ஒருவர்க்காக ஒருவர் முடிவின்றிக் காத்திருக்க நேரும். அதனைத் தவிர்க்க, நின்றுவிட்ட அனுப்புநர் இடையிடையே ஒரு சிறு பொதியை அனுப்பிப் பார்க்கிறது.

நுட்பமான இடர் ஒன்றும் இதில் உண்டு. பெறுநர் ஒரு பைட் இடம் உண்டானவுடனே அதை அறிவித்தால் அனுப்புநர் ஒரு பைட்டை அனுப்பும். அந்த ஒரு பைட்டைச் சுமக்க 40 பைட் தலைப்பு வேண்டும். டேவிட் கிளார்க் 1982இல் விளக்கிய இந்நிலைக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'அசட்டுச் சாளரக் கோளாறு' எனலாம். போதிய இடம் சேரும்வரை அறிவிக்காதிருத்தல் என்பதே அதற்கு அவர் கண்ட மருந்து.

சாளரப் புலத்தின் 16 பிட் அளவே பின்னர் ஒரு தடையாயிற்று. 16 பிட்டில் எழுதக்கூடிய உயரெண் 65,535. மேற்சொன்ன செயற்கைக்கோள் இணைப்பில் அரை நொடிக்கு 65,535 பைட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட்டைத் தாண்ட இயலாது. 1992இல் வெளியான நீட்டிப்பு, இந்த எண்ணை 2இன் 14ஆம் அடுக்கு வரை பெருக்கிக்கொள்ள வழிசெய்து, சாளரத்தை ஏறக்குறைய 1 ஜிகாபைட் வரை விரித்தது. ஓட்டக் கட்டுப்பாட்டின் சிக்கல்கள் பலவும் இவ்வாறு தீர்க்கத்தக்கனவாகவே அமைந்தன. எல்லையை அறிந்த ஒருவர் மறுமுனையில் இருப்பதே அதற்குக் காரணம்.

எவரும் சொல்லாத எல்லை

இரு முனைகளுக்கும் இடையே ரூட்டர் எனப்படும் திசைவிகள் உள்ளன. வரும் பொதிகளை வாங்கி அடுத்த வழியில் செலுத்துவது அவற்றின் பணி. வரத்து மிகுந்தால் பொதிகள் இடைநினைவகத்தில் வரிசையில் நிற்கும். அதுவும் நிரம்பினால் கைவிடப்படும். இணைய நெறிமுறையின் வடிவமைப்பில் திசைவிக்கு எந்த இணைப்பு யாருடையது என்ற நினைவு இல்லை. ஆகவே அது எந்த அனுப்புநருக்கும் 'இவ்வளவு அனுப்பு' என்று கூறுவதுமில்லை. இது வடிவமைப்பின் குறை அன்று. அறிவு முனைகளில் இருக்கட்டும், நடுப்பகுதி எளிமையாக இருக்கட்டும் என்று அறிந்தே எடுத்த முடிவு அது. இணையம் விரிந்து பரவியதற்கு அம்முடிவு பெருந்துணையாயிற்று. அதற்குரிய விலையும் இருந்தது.

நெரிசல் பற்றிய அச்சம் முன்பே இருந்தது. பிரித்தானியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ், வலையமைப்பு முழுவதிலும் எந்நேரத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பொதிகளே இருக்கவேண்டும் என்னும் திட்டத்தை 1972இல் முன்வைத்தார். அனுமதிச் சீட்டுகள் வலையமைப்பில் சுற்றிவரும். சீட்டு ஒன்று கிடைத்தால்தான் புதிய பொதி உள்ளே நுழையலாம். பல நிறுவனங்கள் தத்தமக்கென நடத்தும் வலையமைப்புகளின் கூட்டமான இணையத்தில் இத்தகைய மைய எண்ணிக்கையைப் பேணுதல் இயலாது. 1984 சனவரியில் ஃபோர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஜான் நேகிள், ஆர்.எஃப்.சி 896 என்னும் ஆவணத்தில், பளு மிகுந்த வலையமைப்பு ஒருகட்டத்தில் பயனுள்ள பணி எதையும் செய்யாத நிலைக்குச் சரிந்து, அந்நிலையிலேயே நிலைத்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். 'நெரிசல் வீழ்ச்சி' என்று அதற்குப் பெயரிட்டார்.

அவ்வெச்சரிக்கை 1986 அக்டோபரில் மெய்யாயிற்று. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 400 கெஜம். நடந்து சென்றால் சில நிமிடங்கள். அவ்விரண்டிற்கும் இடையே நொடிக்கு 32 கிலோபிட் என்றிருந்த தரவு ஓட்டம் நொடிக்கு 40 பிட் என்ற அளவுக்கு வீழ்ந்தது. 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம், எழுத்துக்கு 8 பிட் வீதம், முன்பு அரை நொடியில் சென்றிருக்கும். இப்போது 400 நொடி, அதாவது ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். ஏட்டை எடுத்துக்கொண்டு ஆள் நடந்துபோய்க் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதே நேரந்தான் ஆகியிருக்கும்.

இணைப்புக் கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. கருவிகள் யாவும் நெறிமுறைப்படியே இயங்கின. பெறுநர் அறிவித்த சாளரத்தை எந்த அனுப்புநரும் மீறவில்லை. பிறகு வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பாசன வாய்க்காலோடு ஒப்பிட்டு இதனை விளக்குவது வழக்கம். ஒப்புமை ஓரளவு பொருந்தும். மதகைத் திறக்கும் அளவைக் கீழேயுள்ள வயலின் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்துவது ஓட்டக் கட்டுப்பாட்டைப் போன்றது. ஏரி நிரம்பினால் மிகைநீர் கலிங்கு வழியே வெளியேறுவது, திசைவி பொதியைக் கைவிடுவதைப் போன்றது. ஒப்புமை முறியும் இடமும் அதுவே. கலிங்கில் வழிந்த நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. கைவிடப்பட்ட பொதியோ திரும்பி வரும். ஒப்புகை வரவில்லை என்று கண்ட அனுப்புநர் அதே பொதியை மீண்டும் அனுப்புகிறது. இழப்பு பளுவைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது.

அதனினும் கொடியது மற்றொன்று. வரிசை நீளும்போது பொதி தொலையாமலேயே தாமதமாகிறது. தாமதம் அனுப்புநரின் காத்திருப்பு எல்லையைத் தாண்டினால், நலமாகச் சென்றுகொண்டிருக்கும் பொதிக்கும் ஒரு படி எடுத்து அனுப்பப்படும். அப்படியும் அதே வரிசையில் சென்று சேர்ந்து வரிசையை மேலும் நீட்டும். பிற பொதிகளும் அதனால் தாமதமாக, அவற்றுக்கும் படிகள் பிறக்கும். ஒருகட்டத்தில் வழி முழுவதும் ஏற்கெனவே சென்று சேர்ந்த பொதிகளின் படிகளால் நிரம்பிவிடுகிறது. வழி ஓய்வின்றி உழைக்கிறது. பயனுள்ள தரவு செல்வதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தணிந்தாலன்றி இந்நிலை தானாக மாறாது. தணிய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார் யார்?

ஊகத்தின் அடிப்படையில் ஒரு தீர்வு

ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸ் மென்பொருளை உருவாக்கிவந்த மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து கண்ட தீர்வு 1988இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் வெளியான 4.3 பிஎஸ்டி டாஹோ என்னும் யுனிக்ஸ் பதிப்பில் அது இடம்பெற்றது. திசைவிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, முனைகளிலுள்ள மென்பொருளைத் திருத்தினால் போதும் என்பது அத்தீர்வின் நடைமுறைச் சிறப்பு.

அதன் அடிப்படை நெறி எளியது. நிலைபெற்ற ஓட்டத்தில், பழைய பொதி ஒன்று வழியை விட்டு வெளியேறிய பின்னரே புதிய பொதி ஒன்று உள்ளே நுழையவேண்டும். வெளியேறியதை அறிவிப்பது ஒப்புகை. ஆகவே ஒப்புகை ஒன்று வர, பொதி ஒன்று செல்லும். குறுகிய வழியினூடே எந்த இடைவெளியில் பொதிகள் வெளிவருகின்றனவோ அதே இடைவெளியில் ஒப்புகைகளும் திரும்புவதால், வழியின் வேகம் இன்னதென்று எவரும் சொல்லாமலேயே அனுப்புநர் அதற்கு இசைந்துவிடுகிறது.

தொடக்கத்தில் ஒப்புகைகள் இல்லை. அதற்கு முன் டிசிபி அனுப்புநர் இணைப்பு கிடைத்த உடனே சாளரம் முழுவதையும் கொட்டிவிடுவது வழக்கம். 10 மெகாபிட் ஈதர்நெட்டிலிருந்து 56 கிலோபிட் தொலைவழி இணைப்பிற்குள் அவ்வாறு கொட்டினால் விளைவு சொல்லாமலே விளங்கும். எனவே ஒரு பொதியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் 'மெதுவான தொடக்கம்' புகுத்தப்பட்டது. அடுக்கடுக்காக இரட்டிப்பதை மெதுவானது என்பது பொருந்தாப் பெயரே. முன்பிருந்த நடைமுறையோடு ஒப்பிட்டால்தான் அது மெது. 2013இல் வெளியான பரிந்துரைக்குப் பின்னர்த் தொடக்க அளவு 10 பொதிகளாக உயர்ந்தது. காத்திருப்பு எல்லையைக் கணிக்கும் முறையும் மாறியது. சராசரிச் சுற்றுநேரத்தை மட்டும் கருதாமல், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணித்ததால் தேவையற்ற படிகள் குறைந்தன.

தீர்வின் உயிர்நாடியான பகுதி, பொதி தொலைவதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டதே. இதற்கென அனுப்புநர் 'நெரிசல் சாளரம்' என்னும் மற்றோர் எண்ணைப் பேணுகிறது. பெறுநர் அறிவித்த சாளரம், நெரிசல் சாளரம் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே அனுப்பத்தக்க அளவு. பெறுநர் சாளரம் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் எழுதப்பட்டுச் செல்வது. நெரிசல் சாளரம் எந்தப் பொதியிலும் எழுதப்படுவதில்லை. அது அனுப்புநரின் நினைவகத்தில் மட்டும் வாழும் ஓர் ஊகம்.

இழப்பு இல்லாதவரை அவ்வூகம் சுற்றுக்கு ஒரு பொதி வீதம் கூட்டப்படும். இழப்பு தென்பட்டால் பாதியாகக் குறைக்கப்படும். கூட்டும்போது கூட்டலும் குறைக்கும்போது வகுத்தலும் ஏன் என்பதற்கு டா-மிங் சியூ, ராஜ் ஜெயின் ஆகியோர் 1989இல் கணித விளக்கம் தந்தனர். 100 அலகு கொள்ளளவுள்ள வழியில் முதலாமவர் 80 அலகும் இரண்டாமவர் 20 அலகும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். நெரிசல் நேர்ந்து இருவரும் பாதியாக்கினால் 40, 10 ஆகும். பின்னர் இருவரும் 25 கூட்டினால் 65, 35. மீண்டும் பாதியாக்கி 25 கூட்டினால் 57.5, 42.5. இருவருக்கும் இடையிலான வேறுபாடு 60, 30, 15 எனத் தேய்ந்து செல்கிறது. பாதியாக்குவதற்கு மாறாக இருவரும் சம அளவைக் கழித்தால் 60 என்னும் வேறுபாடு என்றும் மாறாது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர், பேச்சுவார்த்தை ஏதுமின்றிச் சமபங்கை நெருங்குகின்றனர்.

கடைமடைக்கு நேர்வது

அக்கணக்கில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது: இருவரும் ஒரே கால அளவில் கூட்டுகின்றனர் என்பது. நடைமுறையில் கூட்டல் 'சுற்றுக்கு' ஒருமுறை நிகழ்கிறது. சுற்றுநேரம் 20 மில்லி நொடியாக உள்ளவர் ஒரு நொடியில் 50 முறை கூட்டுவார்; 200 மில்லி நொடியாக உள்ளவர் 5 முறை மட்டுமே கூட்டுவார். ஒரே குறுகிய வழியைப் பகிரும்போது அருகிலிருப்பவர் பெரும்பங்கைப் பெற, தொலைவிலிருப்பவர் எஞ்சியதைப் பெறுகிறார். தலைமடையும் கடைமடையும் ஒரே வாய்க்காலில் பெறும் நீரின் வேறுபாட்டை அறிந்தவர்க்கு இது புதிதாக இராது.

இவ்வேற்றத்தாழ்வைக் குறைப்பதும், பெருங்கொள்ளளவு கொண்ட நெடுந்தொலைவு வழிகளை விரைந்து நிரப்புவதும் கியூபிக் என்னும் முறையின் நோக்கங்கள். இதில் சாளரத்தின் வளர்ச்சி, கடைசி இழப்பிற்குப் பின் கழிந்த நேரத்தின் முப்படிச் சார்பாக அமைவதால், சுற்றுநேரத்தின் செல்வாக்குக் குறைகிறது. 2006இல் லினக்ஸின் இயல்புநிலை முறையாக ஆன இது இன்று மிகப் பரவலாக வழங்குகிறது.

இவை யாவும் தன்னார்வக் கட்டுப்பாடுகள் என்பதை மறத்தலாகாது. பாதியாகக் குறைக்காத அனுப்புநரைப் பொதுவான திசைவி எதுவும் கண்டறிந்து தண்டிப்பதில்லை. பத்து இணைப்புகளை ஒருங்கே திறக்கும் மென்பொருள் பத்துப் பங்குகளைப் பெறும். ஒரே இணைப்பைத் திறக்கும் நேர்மையான மென்பொருள் ஒரு பங்கைப் பெறும். சாலி ஃப்ளாய்ட், கெவின் ஃபால் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வுரை, அடங்காத ஓட்டங்களால் நியாயக்கேடும் புதியதொரு நெரிசல் வீழ்ச்சியும் நேரலாம் என்று எடுத்துக்காட்டி, அத்தகைய ஓட்டங்களைத் திசைவிகளே அடையாளங்கண்டு கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்ந்தது. சட்டத்தால் அன்றி, இயங்குதளங்களை உருவாக்கும் சிலருடைய பொறுப்புணர்வால் காக்கப்படும் பொதுச்சொத்தாகவே இணையத்தின் வழி இருந்துவருகிறது.

நிரம்பி வழியாத வரிசைகள்

பொதி தொலைவதே நெரிசலின் அறிகுறி என்ற கொள்கை, நினைவகச் சில்லுகளின் விலை வீழ்ந்தபோது புதுச்சிக்கலை உண்டாக்கியது. இழப்பைத் தவிர்ப்பது நன்மை என்று கருதிய கருவி உற்பத்தியாளர்கள் இடைநினைவகத்தைப் பெரிதாக்கினர். 256 கிலோபைட் இடைநினைவகம் நொடிக்கு 1 மெகாபிட் ஏற்றுவழியின் முன் நின்றால், அது நிரம்பியபின் வரும் பொதி ஏறத்தாழ 2 நொடி காத்திருக்க வேண்டும். பொதி தொலையாதவரை அனுப்புநர் நெரிசலை உணராது. வரிசையை நிரப்பிக்கொண்டே செல்லும். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்க, அதே இணைப்பில் மற்றொருவர் பேசும் குரல் திக்கித் திணறுவதற்கு இதுவே முதன்மையான காரணம். ஜிம் கெட்டிஸ் 2010ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டு இணைப்பிலேயே இதனை ஆராய்ந்து பலர் கவனத்திற்குக் கொண்டுவந்தார்.

இதற்கு இருவகை விடைகள் தரப்பட்டன. ஒன்று, திசைவியே முன்கூட்டிக் குறிப்புத் தருவது. கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் என்னும் முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பொதி வரிசையில் நின்ற நேரத்தைப் பார்க்கிறது. அந்நேரம் 100 மில்லி நொடிக் காலம் முழுவதும் 5 மில்லி நொடிக்குக் குறையாமல் இருந்தால் பொதிகளைக் கைவிடத் தொடங்கும். பொதியைக் கைவிடாமல் அதன்மேல் ஓர் அடையாளம் மட்டும் இடும் முறையும் 2001 முதல் தரமாக உள்ளது. மற்றொன்று, இழப்பை அறிகுறியாகக் கொள்வதையே கைவிடுவது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிபிஆர் முறை, தரவு சென்று சேரும் உயர்வேகத்தையும் மிகக்குறைந்த சுற்றுநேரத்தையும் தொடர்ந்து அளந்து, வழியின் கொள்ளளவைக் கணக்கிட முயல்கிறது. அதன் முதற்பதிப்பு சிறிய இடைநினைவகம் கொண்ட வழிகளில் கியூபிக் ஓட்டங்களின் பங்கைப் பறிப்பது சோதனைகளில் வெளிப்பட்டது. ஊகிக்கும் முறைகள் இரண்டு ஒரே வழியில் சந்திக்கும்போது எது நியாயம் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இல்லாமையே இதன் வேர்.

ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதன் விளைவு

ஓட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டே நெரிசலையும் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அவ்வப்போது தலைதூக்குகிறது. ஈதர்நெட்டில் 1997இல் சேர்க்கப்பட்ட 'இடைநிறுத்தச் சட்டகம்' அதற்கு நல்ல சான்று. நிரம்பும் நிலையிலுள்ள இணைப்பி தனக்கு முந்தைய கருவியைக் குறிப்பிட்ட நேரம் நிறுத்தச் சொல்கிறது. இரு கருவிகள் மட்டும் இருந்தால் இது செவ்வையாகச் செயற்படும். வலையமைப்பிலோ, நிறுத்தப்பட்ட இணைப்பில் நெரிசலுக்குத் தொடர்பில்லாத ஓட்டங்களும் நின்றுவிடுகின்றன. நிறுத்தப்பட்ட கருவி நிரம்பி, அது தனக்கு முந்தையதை நிறுத்தும். ஒரு மூலையில் தோன்றிய நெரிசல் படிப்படியாகப் பின்னோக்கிப் பரவுகிறது. வழிகள் வளையமாக அமைந்திருந்தால் ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்காகக் காத்து, அனைத்தும் அசைவற்று நிற்கவும் கூடும். தரவு மையங்களில் இழப்பற்ற ஈதர்நெட்டைப் பயன்படுத்துவோர், இதன்மேல் தனியொரு நெரிசல் கட்டுப்பாட்டை ஏற்ற வேண்டியதாயிற்று.

மறுதலையாக, நெரிசல் கட்டுப்பாடு இருக்கிறது என்பதற்காக ஓட்டக் கட்டுப்பாட்டை விட்டுவிடவும் இயலவில்லை. 2015இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி 2 நெறிமுறையில் ஒரே இணைப்பினுள் பல தரவோடைகள் செல்கின்றன. ஓடை ஒன்றின் பெறுநர் மெதுவாக வாசித்தால் அது பிறவற்றுக்குரிய நினைவகத்தையும் விழுங்கிவிடாதிருக்க, ஒவ்வோர் ஓடைக்கும் தனிச் சாளரமும் இணைப்பு முழுமைக்கும் பொதுச் சாளரமும் வைக்கப்பட்டன. 2021இல் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறையும் அவ்வாறே.

கலைச்சொற்கள் குறித்து

தமிழில் இத்துறையை எழுதுவோர்க்கு இரண்டு நற்சொற்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. 'ஓட்டம்' ஒன்றன் இயக்கத்தைக் குறிப்பது. 'நெரிசல்' பலர் ஓரிடத்தில் குவிவதைக் குறிப்பது. ஒற்றை அனுப்புநரும் குறுகிய வழியை நிரப்பக்கூடும் எனினும், அச்சிக்கலின் உள்ளியல்பு பகிர்வே ஆதலின் 'நெரிசல்' பொருத்தமான ஆட்சி. இடர்ப்படுத்துவது 'சாளரம்' என்னும் சொல். இரு கட்டுப்பாடுகளுக்கும் அது பொதுவாய் நிற்பதால், அடைமொழியின்றி ஆளும்போது எந்தச் சாளரம் என்பது மயங்குகிறது. 'சாளரம் சுருங்கியது' என்று எழுதினால், பெறுநர் தளர்ந்ததா, வழி நெரிந்ததா என்பது வாசகர்க்கு விளங்காது. முன்னதை 'பெறுநர் அறிவித்த சாளரம்' எனவும் பின்னதை 'அனுப்புநர் கணித்த சாளரம்' எனவும் முதல் வழக்கிலேனும் விரித்து எழுதலாம். சொல் சற்று நீளும். ஆயினும் எண் எவரிடமிருந்து வந்தது என்பதை அது உடன் தெரிவித்துவிடும்.